பின்வாசல் மெஷின்

ஊரில் நேர்மை பெருத்துப்போனால் என்னைப் போன்றவர்கள் எப்படிப் பிழைப்பது என்று யாரும் யோசிப்பதில்லை. நான் நகரப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகன். மாதத்துக்கு நாற்பது பேரைப் பிடித்தாக வேண்டும். முப்பத்தொன்பது என்றால், மக்கள் திருந்திவிட்டார்கள் என்று மேலிடம் மகிழாது. பரிசோதகன் தூங்கிவிட்டான் என்று எட்டு மணி நேரம் தள்ளியிருக்கும் எல்லையோர டெப்போவுக்குத் தூக்கியடிக்கும்.

அங்கே போனால் மனைவியை மாதம் ஒருமுறைதான் பார்க்க முடியும். கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்தும் பெண்டாட்டியைத் தினமும் பார்க்க ஆசைப்படுகிற ஆள் நான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

பதினேழாம் நம்பர் பேருந்துதான் என்னைக் காப்பாற்றி வந்தது. அதில் நடத்துனர் கிடையாது. ஏறுகிறவர்கள் வாசலில் இருக்கும் மெஷினில் கார்டைத் தட்ட வேண்டும். பின்வாசல் மெஷினில் பச்சை விளக்கு அழகாக எரியும், ஆனால் எத்தனை தட்டினாலும் ஒன்றும் பதிவாகாது. பழுது என்று எழுதிக் கொடுக்க வேண்டியவன் நான்தான். பொன் முட்டையிடும் வாத்துக்கு வைத்தியம் பார்க்க மனசு வரவில்லை.

"தட்டினேன் சார்" என்பார்கள். "எல்லாருமே அதைத்தான் சொல்றாங்க" என்பேன். நான் சொன்னதில் பொய்யில்லை. எல்லாருமே தட்டித்தான் இருந்தார்கள்.

அன்று மாதக் கடைசி. என் கணக்கு முப்பத்தொன்பது. கூட வந்தவர் போன வாரம் வேறு டெப்போவிலிருந்து மாற்றலாகி வந்த பரிசோதகர். பயணிகள் மேல் பாய்கிற வேகத்தைப் பார்த்து அவருக்குப் பருந்து என்று பெயர் வைத்திருந்தோம். காலை நெரிசலில் அவர் பின்வாசலில் ஏறினார், நான் முன்வாசலில்.

"அண்ணே, இங்க வாங்க. உங்க நாப்பது வந்தாச்சு."

கூட்டத்தைப் பிளந்துகொண்டு உற்சாகமாகப் போனேன். கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தது என் மனைவி. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு வேலை அவளுக்கு. வழக்கமான பேருந்தைத் தவறவிட்டு இதில் ஏறியிருக்கிறாள்.

"தட்டினேங்க. பச்சை லைட்டு எரிஞ்சுது," என்றாள் பருந்திடம்.

"எல்லாருமே அதைத்தான் சொல்றாங்கம்மா." என் வசனத்தை ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்திருந்தார்.

அவள் என்னைப் பார்த்தாள். இவர் என் புருஷன் என்று சொல்லவில்லை. நான் வாயைத் திறப்பேன் என்று காத்திருந்தாள். மெஷின் கெட்டுப்போயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், முப்பத்தொன்பதும் ரத்து. என் மனைவி என்று சொன்னால் பருந்து விட்டுவிடுவார், ஆனால் நாற்பதுக்கு எங்கே போவது? திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றேன். "பார்க்க டீசன்டாத்தான் இருக்காங்க," என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

"அபராதம் கட்டிடுங்கம்மா," என்றேன்.

என் மனைவிக்கு நான் மரியாதை கொடுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் கட்டினாள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். இதெல்லாம் அவளோடு இருப்பதற்காகத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் தேவலை.

"அந்த மெஷின் எத்தனை நாளா கெட்டுக் கிடக்கு?"

"மூணு வாரமா."

"தெரிஞ்சேதான் செஞ்சீங்களா?"

"உன்கூடவே இருக்கணும்னுதான்..."

"மத்தவங்களுக்கெல்லாம் வீடு வாசல் இல்லையாங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

மறுநாளிலிருந்து அவள் பதினேழில்தான் போனாள். பின்வாசலருகே நின்றுகொண்டு, ஏறுகிறவர்களிடமெல்லாம், "இது வேலை செய்யாதுங்க, முன்னாடி போய்த் தட்டிடுங்க," என்று சொன்னாள். போகும்போதும் சொன்னாள், வரும்போதும் சொன்னாள். கேட்டவர்கள் மற்றவர்களுக்குச் சொன்னார்கள். அந்த மாதம் ஊரே யோக்கியமாகிவிட்டது. எனக்குத் தேறியது பதினொரு பேர்.

மாற்றல் உத்தரவு வந்தது. பெட்டியை அவளே அடுக்கிக் கொடுத்தாள். சட்டைகளை ஒரு சுருக்கமில்லாமல் மடித்து வைத்திருந்தாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "மாசம் ஒரு தடவை லீவு கிடைக்கும், வந்துடறேன்," என்றேன்.

"வர்றதா இருந்தா முன்னாடியே சொல்லிட்டு வாங்க," என்றாள்.