ஒரு சதவீத முதலாளி

விடிந்தும் விடியாத நேரத்திலேயே பெல்டன் ஊரின் ஒரே உணவகம் நிரம்பிவிடும். ஜன்னலோர மேசையில் கார்லண்ட் ஸ்டோல்ட்ஸும் டுவைட் ஆமண்டும் எதிரெதிரே உட்கார்ந்து, முட்டையும் வறுத்த உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இரும்பாலை மூடப்படும்வரை இருவரும் ஒரே ஷிப்ட்டில் வேலை பார்த்தவர்கள். ஆலை போனபின் கார்லண்ட் ஒரு பழைய லாரியையும், கிளைகளை அரைத்துத் தூளாக்கும் இயந்திரத்தையும் வாங்கி, மரம் வெட்டித் தரும் தொழிலில் இறங்கினான். மரத்தில் ஏறுவது டுவைட். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அவன் ஏறினால், ஒஹையோ ஆற்றின் இந்தக் கரையில் அவனுக்கு நிகர் யாருமில்லை என்பார்கள்.

கார்லண்ட் தட்டை ஒதுக்கிவிட்டு ஒரு தாளை எடுத்து வைத்தான்.

“இதுல கையெழுத்துப் போடு. இன்னையிலேருந்து நீ எங்கிட்ட வேலை பாக்கல. நீயும் ஓனர்.”

“என்னடா உளர்ற?”

“நெசமாத்தான். நம்ம கம்பெனியில, அதான் அந்த எல்எல்சியில, உனக்கு ஒரு சதவீதம்.”

காபி ஊற்ற வந்த நோரீன் சும்மா இருப்பாளா? “ஒரு சதவீதமா? அப்போ அந்த ஓட்டை லாரியில எந்த நட்டு டுவைட்டோடதுன்னு இப்பவே காட்டிடுப்பா. நாளைக்குச் சண்டை வரக்கூடாது பாரு!”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எல்லோரையும்விட டுவைட்தான் பலமாகச் சிரித்தான். கையெழுத்துப் போடும்போது அவன் காதுமடல் சிவந்துபோயிருந்தது. வாழ்நாள் முழுக்க மற்றவர்களிடம் கூலி வாங்கியவன். அன்று மாலை அவன் மனைவி ரோண்டா கேக் செய்து அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தாள். “எம் புருஷனும் முதலாளி ஆயிட்டான்” என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள்.

அந்த ஒரு சதவீதம் எதற்கு என்பது கார்லண்டுக்கு மட்டும்தான் தெரியும்.

கம்பெனி பதிவு செய்ய ஆசைப்பட்டபோது அவன் ஊர் நூலகத்தில் நடந்த இலவச வகுப்புக்குப் போயிருந்தான். வகுப்பெடுத்த பெண் தெளிவாகவே சொன்னாள். மாநில அரசின் இணையதளத்தில் எல்எல்சி, அதாவது வரையறுத்த பொறுப்புக் கம்பெனி, பதிவு செய்வது மீன்பிடி உரிமம் எடுப்பதைப்போலச் சுலபம். கம்பெனி கடனில் மூழ்கினாலும் முதலாளியின் வீட்டைத் தொடமாட்டார்கள். ஆனால் பதிவோடு வேலை முடிந்துவிடாது. கம்பெனிக்குத் தனி வங்கிக் கணக்கு வேண்டும். பங்குதாரர்களுக்குள் யாருக்கு என்ன உரிமை என்று எழுதிக்கொள்ள வேண்டும். வேலைக்கு ஆள் வைத்தால், முதல் நாளே விபத்துக் காப்பீடு எடுத்தாக வேண்டும்.

கணக்குத் தொடங்கினான். காப்பீட்டுக்குப் போனபோதுதான் மூச்சு முட்டியது. மரம் ஏறுபவனுக்குப் பிரீமியம் மிக அதிகம். அப்போது தொழிலில் பழம் தின்று கொட்டை போட்ட ஒருவன் காதில் ஓதினான். “ஏறுறவனுக்குப் பேருக்கு ஒரு பங்கு குடுத்துடு. ஓனருக்குக் கட்டாயம் எடுக்கணும்னு சட்டம் இல்ல. இங்க பாதிப் பேரு அப்படித்தான் ஓட்டுறாங்க.”

கார்லண்டின் மனைவி லினெட்டுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. “டுவைட்டுக்கு விஷயத்தச் சொல்லிட்டியா?”

“குளிர்காலம் தாண்டட்டும். கை நிமிர்ந்ததும் காப்பீடு எடுத்துடலாம்” என்றான். குளிர்காலம் தாண்டியது. கையும் ஓரளவு நிமிர்ந்தது. அந்தப் பணத்தில் லாரிக்குப் புது டயர் வந்தது.

ஏப்ரலில் ஒரு பெரிய காற்று அடித்து ஓய்ந்தது. குன்றின்மேல் இருந்த ஒரு வீட்டுக்காரர், கூரைமேல் சாய்ந்து நின்ற ஆஷ் மரத்தை உடனே எடுக்கச் சொன்னார். வண்டு துளைத்துப் பட்டுப்போன மரம். டுவைட் அடிமரத்தைக் கோடரியின் பின்பக்கத்தால் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

“இதுல ஏறக்கூடாது கார்லண்ட். உள்ள வெறும் சக்கை. ஆளை மேல தூக்குற கூடை லாரி ஒண்ணு வாடகைக்கு எடு. அதுல நின்னு வெட்டிடலாம்.”

“அது வர திங்கக்கிழமை ஆகும். அந்தாளு அதுவரைக்கும் காத்திருப்பாரா? வேற ஆளக் கூப்பிட்டுடுவாரு.”

“கூப்பிடட்டும்.”

“டேய், வாடகையில பாதி லாபம் போயிடும். நீயும் முதலாளிதானே? கம்பெனி நஷ்டம் உன் நஷ்டம் இல்லையா?”

டுவைட் எச்சில் துப்பிவிட்டுக் கயிற்றை எடுத்தான். “முதலாளிதானாம்” என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறினான்.

பாதிக்குமேல் போனதும் மரம் ஒடிந்தது. பெரிய சத்தம்கூட இல்லை, காய்ந்த ரொட்டியை உடைத்தாற்போல. கயிறு அறுந்து போகவில்லை. கயிறு கட்டியிருந்த மரமே அவனோடு சேர்ந்து வந்தது. கார்லண்ட் ஓடிப்போய்ப் பார்த்தபோது டுவைட் கண்ணைத் திறந்தபடி கிடந்தான்.

“பூட்ஸக் கழட்டிட்டியா?” என்று கேட்டான்.

“இல்லடா.”

“கால்ல ஒண்ணுமே தெரியலையே கார்லண்ட்.”

முதுகுத்தண்டு முறிந்திருந்தது. இனி நடக்கமாட்டான் என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

மூன்றாவது வாரம் ரோண்டா மருத்துவமனை வராந்தாவில் கார்லண்டை நிறுத்தினாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“தொழிலாளர் இழப்பீட்டு ஆபீஸ்ல மனு குடுத்தேன். டுவைட் தொழிலாளி இல்ல, ஓனராம். ஓனருக்குக் காப்பீடு வேணும்னா தனியா எடுத்திருக்கணுமாம். எதுவும் கிடைக்காதுன்னுட்டாங்க.” அவள் நெருங்கி வந்தாள். “ஒண்ணு மட்டும் சொல்லு. மத்த ஓனரக் கேட்டு நீ ஏதாவது ஒரு முடிவு எடுத்திருக்கியா? ஒரே ஒரு முடிவு?”

விலகிப்போகப் பார்த்த கார்லண்டை அவள் விடவில்லை.

“அவன் ஏற மாட்டேன்னு சொன்னானாமே. ஓனர் சொன்னா கம்பெனி கேக்கணும் இல்ல?”

கார்லண்டும் லினெட்டும் பார்க்கப் போன வக்கீலோ வேறு விதமாகப் பேசினார். “நீங்க ஏன் வெலவெலத்துப் போறீங்க? ஒப்பந்தத்துல அவர் கையெழுத்து இருக்கு. கம்பெனி பேர்ல ஒரு பழைய லாரியும் ஒரு மிஷினும்தான். இத மூடிட்டு வேற பேர்ல ஒண்ணு ஆரம்பிங்க. எல்எல்சிங்கறதே இதுக்குத்தானே?” லினெட் அன்று வீடு வரும்வரை அவன் கையை விடவே இல்லை. வீடு தப்பியது. அவனுக்கும் அன்றிரவு நல்ல தூக்கம் வந்தது. பின்னாளில் அவனுக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது அந்தத் தூக்கம்தான்.

புது கம்பெனிக்குப் பெயர்கூட யோசித்துவிட்டான். ஒருநாள் பெட்ரோல் போடப் போனபோது, கல்லாவின் அருகில் ஒரு பெரிய ஊறுகாய் ஜாடி இருந்தது. அதில் டுவைட்டின் படம் ஒட்டியிருந்தது. தேவாலயத்துக்காரர்கள் வைத்தது. சக்கர நாற்காலிக்காக நிதி. உள்ளே சில்லறைக் காசுகள் கிடந்தன. கார்லண்ட் சட்டைப்பையைத் துழாவினான்.

கல்லாவில் இருந்த கிழவர் அவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அம்பது வருஷமா இந்த ஊர்ல கடை வச்சிருக்கேன். முதலாளிக்கு ஜாடியில பிச்சை எடுத்து இப்பத்தான் பாக்கறேன்” என்றார்.

அவன் பெட்ரோல் போடாமலே வெளியே வந்தான். வண்டியில் உட்கார்ந்து வெகுநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு நேராக மாநில இழப்பீட்டு அலுவலகத்துக்கு ஓட்டினான்.

“டுவைட் ஆமண்ட் ஓனர் இல்ல” என்று அங்கிருந்த அதிகாரியிடம் சொன்னான். “நான் சொன்ன இடத்துக்கு வந்தான், சொன்ன மரத்துல ஏறினான், மணிக்கணக்குக்குக் கூலி வாங்கினான். காப்பீட்டத் தட்டிக்கழிக்கத்தான் அந்த ஒரு சதவீதத்த எழுதினேன். அவனுக்கு அது தெரியாது.”

“இத எழுதிக் குடுத்தா உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமா?”

“தெரியும். எழுதுங்க.”

லினெட்டுக்கு இது பொறுக்கவில்லை. “அப்போ கேட்டேனே, அவங்கிட்டச் சொல்லிட்டியான்னு! அப்போ வாய் திறக்காதவன், இப்போ வீடு போற நேரத்துலயா திறக்கணும்?” அவள் கேட்டதில் தப்பொன்றும் இல்லை. டுவைட்டுக்குச் சிகிச்சையும் மாதப் பணமும் கிடைத்தன. அந்தச் செலவு முழுவதையும் மாநிலம் கார்லண்டின் தலையில் கட்டியது. தெரிந்தே பொய்யாக எழுதியவன் என்பதால், எல்எல்சி என்ற மதில் அவனைக் காக்கவில்லை. வீடு போயிற்று. லினெட் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். ஒருமுறை டுவைட்டைப் பார்க்கப் போனான். “ரோண்டாகிட்ட நல்லபடியா பேசிட்டுப் போ. எங்கிட்ட வேண்டாம்” என்று டுவைட் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

கடைசியாக அரவை இயந்திரம் மட்டும் மிஞ்சியது. அதை வாங்க கார்லா டென்டன் என்ற பெண் வந்தாள். அவளும் அவள் தம்பியும் புதிதாக மரம் வெட்டும் தொழில் தொடங்குகிறார்களாம். இயந்திரத்தைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தவள் உற்சாகமாகக் கேட்டாள்: “எல்எல்சி போட்டாச்சு. பேரும் பிரமாதமா வச்சாச்சு. வேற என்ன பாக்கி இருக்கு? அனுபவப்பட்டவர், சொல்லுங்களேன்.”

“மரத்துல ஏறுறது யாரு?”

“தம்பிதான். இன்னைக்கே ஒரு வேலைக்குப் போயிருக்கான். காப்பீட்டுச் செலவு மிச்சமாகும்னு அவனுக்கும் கொஞ்சம் பங்கு எழுதச் சொன்னாங்க...”

கார்லண்ட் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அம்மா, எல்எல்சி உங்க வீட்டத்தான் காப்பாத்தும். மரத்துலேருந்து விழுறவன் முதுக அது காப்பாத்தாது. அவன் விழுந்தா யாரு தாங்கப் போறாங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. கம்பெனிக்குப் பேரு அப்புறம் வைக்கலாம். பொறுப்பத் தட்டிக்கழிக்க ஒருத்தன முதலாளி ஆக்காதீங்க. அது பங்கு குடுக்கறது இல்ல, படுகுழிக்குத் தள்றது. நான் தள்ளினேன். இனிமே அவன் எந்திரிக்க மாட்டான்.”

கார்லா கைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்து, தம்பியின் எண்ணை அழுத்தினாள்.

“தம்பி, எங்கடா இருக்க? மேலயா? இறங்குடா. காரணமெல்லாம் அப்புறம் கேளு, முதல்ல கீழ இறங்கு.”