தூசி நீக்கிய பக்கங்கள்

நீலாவதி டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து முடிக்கும்வரை குணசீலன் மடிக்கணினியைத் திறந்துவைத்துக் காத்திருந்தான். அவர் செங்கத்திலிருந்து பஸ் மாறி, மலைமேல் காவலூரில் இருக்கும் கோபால்சாமி வீட்டுக்கு ஏறி வந்திருந்தார். ஒரு கண்ணில் செய்த அறுவை சிகிச்சை சரிவரவில்லை. மற்றதிலும் புரை விழுந்திருக்கிறது என்கிறார் டாக்டர். அந்தக் கண்ணை எந்த டாக்டரிடமாவது ஒப்படைப்பதற்கு முன் தான் வரைந்த படங்களை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று போனில் சொல்லியிருந்தார்.

'இரவுக்கண்' என்பது தொலைநோக்கி இல்லாமல் வானம் பார்க்கிறவர்களுக்காகக் கோபால்சாமி இந்த வீட்டிலிருந்தே நடத்திய பத்திரிகை. பழுப்புத்தாளில் சைக்ளோஸ்டைல் அச்சு. நடுப்பக்கத்தில் மாதாமாதம் ஒரு விண்மீன் படம். இங்கே பள்ளியில் வேலை பார்த்த காலமெல்லாம் அதை வரைந்தவர் நீலாவதி. புத்தகத்தைப் பார்த்து அவர் ஒரு புள்ளிகூட வைத்ததில்லை. அன்றைய வானத்தில் தன் கண்ணுக்குத் தெரிந்தது மட்டும்தான். பெரிய மீனுக்கு ஸ்டென்சில் மெழுகுத்தாளில் ஒரு வட்டம், மங்கிய மீனுக்கு ஊசியால் ஒரு குத்து.

போளூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் குணசீலன் பள்ளிநாட்களில் அதன் சந்தாதாரன். பழைய வாசகர்கள் யாரிடமும் இதழ்கள் இல்லை என்று தெரிந்தபின், கோபால்சாமியின் டிரங்குப் பெட்டியில் மிஞ்சியிருந்த ஒரே தொகுப்பைத் தைப்பு வெட்டி ஸ்கேன் செய்து முடித்திருந்தான். நாளை இணையத்தில் ஏற்ற வேண்டும்.

"பொட்டியத் தொறந்தா பூரா கரையான்," என்றாள் கோபால்சாமியின் மனைவி மங்கம்மாள், டீயை வைத்தபடி. "கரையான் படிச்ச அளவுக்கு ஜனங்க படிச்சிருந்தா இந்த மனுசன் பெரிய ஆளா ஆயிருப்பாரு."

"நீ ஒரு பக்கம் பொரட்டிக்கீறியா?" என்றார் கோபால்சாமி.

"கொளுத்துன அன்னிக்கு முழுசாப் பார்த்தேனே!"

டீச்சர் சிரித்தார். "கொளுத்திட்டீங்களா?"

"கரையான் வூட்டுக் கூரைக்கு ஏற ஆரம்பிச்சிடுச்சு டீச்சரம்மா," என்றாள் மங்கம்மாள். "எல்லாந்தான் கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சே. குணாவைக் கேட்டுக்கினுதான் கொளுத்துனேன்."

குணசீலன் கார்த்திகை மாதப் படத்தைத் திறந்தான். தாள் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அந்த வெண்மையில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. டீச்சர் திரையருகே குனிந்தார்.

"கார்த்திகைக் கூட்டம் தெரியுது. ஆறு வட்டம். பக்கத்துல குட்டி மீனுங்க வச்சிருந்தேன். உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியுதுன்னு வாசகருங்க சண்டைக்கு வந்தாங்க." விரல் திரையில் தடவியது. "காணோமே."

குணசீலன் படத்தைப் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். வட்டங்கள் உப்பின. நடுவில் வெறும் வெள்ளை.

"வயசாவுது இல்ல டீச்சரம்மா," என்றாள் மங்கம்மாள். "ஆபரேசன் பண்ணிக்கினா சரியாப் பூடும்."

"அந்தக் கண்ணுக்கும் இதையேதான் சொன்னாங்க."

குணசீலனுக்குப் புரிந்துவிட்டது. மைத்தெறிப்பும் கரையான் அரித்த புள்ளிகளும் தாள் முழுக்க இருந்ததால், ஸ்கேன் செய்யும்போது தூசி நீக்கும் வசதியைப் போட்டிருந்தான். எழுத்துகள் அழகாகத் தெளிந்து வந்தன. கட்டுரைகளை வரிவரியாகச் சரிபார்த்தான். படங்களில் பக்க எண்ணை மட்டும் பார்த்தான்.

வெளியே பலாமரத்தடியில் இதழ்களின் சாம்பல் கொட்டிய இடம் வாசல் வழியே தெரிந்தது.

"குணா," என்றார் டீச்சர், திரையிலிருந்து முகத்தை எடுக்காமல். "உனக்குத் தெரியுது இல்ல?"

தெரிகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். போனில் விண்மீன் அட்டவணை இருக்கிறது. அதைப் பார்த்து ராத்திரியே புள்ளிகளை வைத்துவிடலாம். ஒப்பிட்டுப் பார்க்கத் தாள் கிடையாது. ஆனால் அவற்றில் எவை டீச்சர் கண்டவை, எவை காணாதவை? அதைச் சொல்ல இனி உலகத்தில் எதுவும் இல்லை. அதோடு, அப்படிப் பொய் சொன்னால் அவர் இந்தக் கண்ணும் போய்விட்டது என்று நம்பிக்கொண்டு பஸ் ஏறுவார்.

டீ ஆறிக்கொண்டிருந்தது.

"இல்ல டீச்சர். எனக்கும் தெரியல. உங்க கண்ணு சரியாத்தான் இருக்கு. அங்க புள்ளிங்களே இல்ல. தூசின்னு நெனச்சு மெசின் எடுத்துடுச்சு." நிறுத்தினான். "நான்தான் எடுக்கச் சொல்லி வச்சேன்."

"காயிதத்துல..." என்று தொடங்கிய கோபால்சாமி வாசலைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"எல்லா மாசத்துலயுமா?"

"எல்லாத்துலயும் அதேதான் போட்டிருந்தேன்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தான். அவர் உள்ளங்கையால் பார்வை போன கண்ணை மூடிக்கொண்டு திரையருகே நகர்ந்து உட்கார்ந்தார்.

"மார்கழியைத் தொற."

திறந்தான். மூன்று வட்டங்கள் ஒரு வரிசையில். சுற்றிலும் வெள்ளை. அதன் ஓரம்வரை அவர் பார்த்து முடித்தார்.

"அடுத்தது," என்றார்.