தங்கையின் இடத்தில் அக்கா

கல்லூரி வாசலுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையின் மாடியில் இரண்டே அறைகள். அதில் அக்கா, அக்காவின் கணவர், ஒரு கைக்குழந்தை, அப்புறம் சின்னவள். கீழே மெஷின் ஓடினால் மேலே தரை லேசாக உதறும். சூடான காகித வாடை படியேறி வந்து துணிமணியில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

விடுதியில் தங்கித்தான் படிப்பேன் என்று சின்னவள் ஒற்றைக் காலில் நின்று பார்த்தாள். “கூடப் பொறந்தவ வீடு காலேஜ் வாசல்லயே இருக்கு. ஹாஸ்டல் எதுக்கு?” என்று அப்பா பேச்சை முடித்துவிட்டார். பெரியவளைப் பாதிப் படிப்பில் நிறுத்திக் கல்யாணம் செய்துவைத்தபோதும் அப்பா அதிகம் பேசவில்லை.

சின்னவள் வேதியியல் முதல் வருடம். யாரோடும் சட்டென்று ஒட்டமாட்டாள். வகுப்பில் அவளோடு பேசுகிற ஒரே ஆள், சுருட்டை முடி காரணமாகச் சுருட்டை என்றே பெயராகிப்போன ஒருத்தி. மணி அடித்ததும் சின்னவள் சாலையைக் கடந்து மாடியேறிவிடுவாள். அக்கா குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கி அவள் கையில் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவாள். மாமா தொழிற்சாலை பஸ்ஸில் காலையில் போனால் இருட்டின பிறகுதான் வருவார்.

ஒருநாள் மழை ஈரத்தில் படி வழுக்கி, சின்னவளின் கணுக்கால் பந்துபோல் வீங்கிவிட்டது. காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மற்ற வகுப்புகளைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. தாவரவியல்தான் பயம். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் அந்த வகுப்புக்குத்தான் மட்டம் போட்டிருந்தாள். அதை எடுக்கிற பேராசிரியர் எப்போதும் கையில் ஒரு கிளையோடு வருவதால் அவருக்கு இலைக்காரர் என்று பெயர். வருகை குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார். யார் காலில் விழுந்தாலும் நடக்காது.

“நான் போய் உன் நம்பருக்குக் குரல் குடுத்துட்டு வந்துடறேன்,” என்றாள் அக்கா.

“விளையாடறியா?”

“நாலு டிபார்ட்மெண்ட் புள்ளைங்க ஒண்ணா உக்கார்ற ஹால்னு நீதானே சொன்ன? அந்தக் கூட்டத்துல யார் மூஞ்சிய யார் பார்க்கப் போறாங்க? நீயும் நானும் ஒரே அச்சுதான். நான் கொஞ்சம் சதை போட்டிருக்கேன், அவ்ளோதான்.”

சின்னவளின் சுடிதாரை இழுத்துப் பிடித்துப் போட்டுக்கொண்டு, அவளுடைய அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அக்கா கிளம்பினாள். ஜன்னல் வழியாகச் சின்னவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசல் காவலாளி அட்டையை ஒரு பார்வை பார்த்து உள்ளே விட்டார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வந்ததும் வராததுமாக, அழுகிற குழந்தையைக்கூட வாங்காமல், “இலையோட அடிப்பக்கத்துலதான் மூச்சு விடற துளை அதிகமாம். உனக்குத் தெரியுமாடி?” என்றாள். முகம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. அக்காவை அப்படிப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று சின்னவளுக்கு நினைவில்லை. அன்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

வீக்கம் வடிந்தது. நொண்டாமல் நடக்க முடிந்தது. “அவசரப்படாதே, நல்லா ஆறட்டும்,” என்றாள் அக்கா. பிறகு, “இன்னிக்குப் பூவை அறுத்துக் காட்டறாராம், நானே போயிடறேனே,” என்றாள். பிறகு ஒன்றும் சொல்வதில்லை. சின்னவள் காலையில் எழுந்து பார்த்தால் அட்டை அக்காவின் கழுத்தில் இருக்கும்.

இருந்தது ஒரே அட்டை. இருவரில் ஒருத்திதான் வாசலைத் தாண்ட முடியும். தாவரவியல் முடிந்து அக்கா நூலகத்துக்குப் போனால் சின்னவளின் அடுத்த வகுப்பு போயிற்று. நூலகத்திலிருந்து கேன்டீனுக்குப் போனால் அதற்கடுத்ததும் போயிற்று. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஜன்னலுக்கும் கதவுக்குமாக அவள் நடந்துகொண்டே இருப்பாள். தரை உதறும். எதிரே மணி அடிக்கும். அது யாருக்கோ அடிக்கிற மணி.

“அக்கா, நாளைக்கு நான் போறேன்,” என்று சொல்லிப் பார்த்தாள்.

“பாப்பா உங்கிட்டதான் அடம்பிடிக்காம சாப்பிடறா,” என்றாள் அக்கா, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

ஒரு மத்தியானம் சுருட்டை மாடியேறி வந்தாள். “உங்க அக்கா பட்டையைக் கிளப்பறாங்கடி! டெஸ்டுல அவங்கதான் ஃபர்ஸ்ட். இலைக்காரர் எழுப்பி நிக்கவச்சுக் கைதட்டச் சொன்னாரு. ஹால் முழுக்க உன் பேர்தான்.” சொல்லிவிட்டுத் தயங்கினாள். “ஆனா அந்தப் பேரைச் சொன்னா இப்ப யாருக்கும் உன் ஞாபகம் வராது.”

மறுநாள் அக்கா குளிக்கும்போது, ஆணியில் தொங்கிய அட்டையைச் சின்னவள் எடுத்துக்கொண்டாள். தூங்குகிற குழந்தையைச் சுற்றித் தலையணைகளை அண்டக்கொடுத்துவிட்டு, “பாப்பாவைப் பார்த்துக்கோ, நான் போறேன்!” என்று குளியலறைக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு இறங்கி ஓடினாள்.

ஹாலில் எங்கே உட்காருவது என்றே தெரியவில்லை. பின்வரிசையில் ஒண்டிக்கொண்டாள். இலைக்காரர் எண்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். தன் எண் வந்ததும் எழுந்து, “பிரசன்ட் சார்,” என்றாள்.

அவர் நிமிர்ந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முன்வரிசையில் காலியாக இருந்த ஓர் இடத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“யாரும்மா நீ?”

முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். ‘நான்தான் சார் அது’ என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இத்தனை நாள் வந்தது யார் என்ற கேள்வி வரும். அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. 

“நான்... அவங்க தங்கச்சி சார். அவங்களுக்கு உடம்பு சரியில்ல.”

“அதுக்காக? அக்காவுக்குப் பதிலா நீ வந்து குரல் குடுப்பியா? நல்லாப் படிக்கிற பொண்ணு, அதைப் போய் இப்படிக் கெடுக்கறியே! வெளிய போ முதல்ல.”

ஹால் கொல்லென்று சிரித்தது. சுருட்டை மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். தன் எண்ணுக்குத் தானே ஆள்மாறாட்டம் செய்ததாகத் திட்டு வாங்கிக்கொண்டு சின்னவள் வெளியே வந்தாள்.

வீட்டில் அக்கா ஈரத்தலையோடு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடந்ததைக் கேட்டதும் முதலில் குபீரென்று சிரித்துவிட்டாள்.

“சிரிக்காதே!” சின்னவள் கத்தினாள். “அங்க எனக்கு ஒரு எடம்கூட இல்ல. என் பேரும் உன்கிட்ட, அட்டையும் உன்கிட்ட. நான் இங்க ஆயா வேலை பார்த்துக்கிட்டுக் கிடக்கேன்.”

அக்காவின் சிரிப்பு நின்றது.

“நான் இத்தனை வருஷமா இங்கதானேடி கிடக்கேன்,” என்றாள் மெதுவாக. “அந்த ஹால்ல உக்காந்திருக்கிற நேரம் என்னை யாரும் எதுக்கும் கூப்பிடறதில்ல. பால் பொங்கறதும் இல்ல, குழந்தை அழறதும் இல்ல. நாளையிலேர்ந்து போகக்கூடாதுன்னு தெனமும் நெனைப்பேன். காலையில கால் தானா இறங்கிடும்.”

சின்னவளுக்குக் கோபம் போகவில்லை. ஆனால் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அன்று மாலையே அக்கா புடவை கட்டிக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். சின்னவள் தடுக்கத் தடுக்கக் கேட்கவில்லை. பேராசிரியரைப் பார்க்க வந்ததாக வாசலில் எழுதிக் கொடுத்துவிட்டு, இருவருமாக இலைக்காரரின் அறைக்குப் போனார்கள். அக்கா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். குழந்தை அவர் மேஜையில் கிடந்த கிளையிலிருந்து இலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அவர் அதைத் தடுக்கவில்லை.

“நீங்க இவ்வளவு நல்லாப் படிச்சதுக்கு நான் சந்தோஷப்படறதா, ஏமாத்தினதுக்குக் கோபப்படறதான்னு தெரியலம்மா,” என்றார் கடைசியில். “ஆனா உங்க மார்க்கை இந்தப் பொண்ணுக்குப் போட முடியாது. உங்களையும் இனிமே உள்ள விட முடியாது.”

விஷயம் முதல்வர் வரை போனது. தாவரவியல் பாடத்தைச் சின்னவள் அடுத்த வருடம் புதிதாக வருகிறவர்களோடு உட்கார்ந்து மறுபடி படிக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. மாமா சத்தம் போடவில்லை. “அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் சேர்ந்து நல்ல வேலை பண்ணி வச்சிருக்கீங்க,” என்றதோடு சரி. அக்கா முறையாகச் சேர்ந்து படிக்கட்டுமே என்று சின்னவள்தான் துணிந்து கேட்டாள். “பாப்பா பள்ளிக்கூடம் போகட்டும், பார்ப்போம்,” என்றார். அந்தப் ‘பார்ப்போம்’ எவ்வளவு நீளம் என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அடுத்த வருடம் சின்னவள் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தாள். அவள் எண் வரும்போது இலைக்காரர் ஒரு நொடி நிறுத்தி, அவள் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் மேலே போவார். அது அவளைக் குன்ற வைத்தாலும் வகுப்பைத் தவறவிடவில்லை. வீட்டுக்கு வந்ததும், அன்று நடத்தியதை ஒன்றுவிடாமல் அக்காவிடம் ஒப்பிப்பாள். அக்கா துணி மடித்துக்கொண்டே கேட்பாள். இடையிடையே சந்தேகம் கேட்பாள். சிலதுக்குச் சின்னவளிடம் பதில் இருக்காது.

ஒருநாள் வேரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அக்கா கையிலிருந்த சட்டையை அப்படியே வைத்துவிட்டாள்.

“போதும்டி. இனிமே வந்து எதுவும் சொல்லாதே.”

“ஏன்க்கா? நல்லாத்தானே இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு. கேட்கக் கேட்கப் போகணும்போல இருக்கு.”

சின்னவள் புத்தகத்தை மூடினாள். அக்கா சட்டையை எடுத்து மறுபடி மடிக்கத் தொடங்கினாள். குழந்தை எழுந்து அழுதது. இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றார்கள்.