டாரியஸின் உச்சந்தலை

டாரியஸ் இத்தனை அக்கறையாக வாழ்க்கையில் வேறு எதையும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. சிங்கப்பூரில் செங்காங் பக்கம் வீடு வாங்கியபோது எந்த மாடி, எந்தப் பக்கம் வெயில் என்று மிரண்டா கேட்டதற்கு, "எதுவா இருந்தா என்ன லா" என்றவன் அவன். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தது அவன் அம்மா பிலோமினம்மாள். மோதிரம் பார்த்ததும் அவள்தான். அப்படிப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்த பெண்தான் மிரண்டா. ஆனால் உச்சந்தலையில் ஐம்பது காசு அளவுக்கு வழுக்கை தெரிந்ததும் ஐயாவுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்த ஆராய்ச்சி மூளை!

குளியலறைக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கைபேசியைத் தலைக்கு மேலே பிடித்துப் படம் எடுப்பான். போன மாதத்துப் படம், இந்த மாதத்துப் படம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து மிரண்டாவிடம் நீட்டுவான். அவளுக்கு இரண்டும் ஒரே வழுக்கையாகத்தான் தெரியும். அதைச் சொன்னால் முகம் தொங்கிவிடும்.

சாப்பாட்டு மேசையில் வேறு பேச்சே கிடையாது.

"இங்க பாரு மிரண்டா, ஃபினாஸ்டெரைட் இருக்குல்ல, அது கொட்டுறத நிறுத்தும். ஆனா ரொம்ப ஸ்லோ. டூட்டாஸ்டெரைட் அதே வேலைதான், ஆனா அதவிட ஸ்ட்ராங். மினாக்ஸிடில் வேற மாதிரி. முடிய வளர வைக்கும். ஆனா அது முதல்ல பிளட் பிரஷருக்கு வந்த மாத்திரை. சிலருக்குக் கால் வீங்குமாம், நெஞ்சு படபடன்னு அடிக்குமாம். முதுகு, காதுன்னு கண்ட இடத்துல முடி வளருமாம்."

"அங்கயாவது வளரட்டுமே," என்பாள் மிரண்டா, அவன் தட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டே.

சிரிக்க மாட்டான். தலை விஷயத்தில் மட்டும் அவனுக்கு நகைச்சுவை உணர்வு கிடையாது. கைபேசியில் வீடியோ வழியாகப் பார்க்கிற டாக்டர் ஒருவரைப் பிடித்து, முதலில் ஒரு வருஷம் போல ஃபினாஸ்டெரைட் சாப்பிட்டான். போதவில்லையாம். அவரையே நச்சரித்து டூட்டாஸ்டெரைட்டுக்கு மாறினான். மாறியது பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். வழுக்கை கொஞ்சம் சுருங்கியது, பவுசு அதைவிட அதிகமாக வளர்ந்தது. ஓஃபிர் ரோடு மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால், பின்வரிசையில் இருப்பவர்கள் பார்க்கட்டும் என்றே முன்வரிசையில் போய் உட்காருவான். "எங்க வீட்டு ஆம்பளைங்களுக்கு வழுக்கையே விழாது" என்று பிலோமினம்மாள் வேறு பெருமையடிப்பாள். மாத்திரை விஷயம் அவளுக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பது டாரியஸின் கட்டளை.

இதையெல்லாம் மிரண்டா சகித்துக்கொண்டாள். புருஷனுக்கு ஒரு பைத்தியம் இருந்துவிட்டுப் போகட்டும், குடிக்கவில்லை, சூதாடவில்லை. அவள் மனசெல்லாம் வேறு இடத்தில் இருந்தது. கல்யாணமாகி நாலு வருஷம், இன்னும் பிள்ளை இல்லை. பூசை முடிந்து வெளியே வந்தால், "என்னம்மா, ஏதாவது விசேஷமா?" என்று கேட்டபடியே பெண்கள் அவள் வயிற்றைத்தான் பார்ப்பார்கள். டாரியஸின் பக்கம் யார் பார்த்தார்கள்? பார்த்தவர்களும் அவன் முடியைத்தான் பார்த்தார்கள்.

ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்தைச் செலுத்திப் படமும் எடுத்தார்கள். அந்த வலியில் அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. "அப்ப ஹஸ்பெண்டைப் பார்க்கணும்" என்று டாக்டர் சொன்னதும் ஐயாவுக்கு ஜூரோங்கில் மீட்டிங் வந்துவிட்டது. பிறகு ஜலதோஷம் வந்தது. பிறகு மறுபடியும் மீட்டிங். ஒரு வழியாக அவனையும் இழுத்துக்கொண்டு போய்ப் பரிசோதனைக்குக் கொடுத்து, முடிவு கேட்க இருவரும் டாக்டர் திவ்யதர்ஷினியின் முன்னால் உட்கார்ந்தார்கள்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "விந்தணு எண்ணிக்கை ரொம்பக் குறைவா இருக்கு. காரணம் பல இருக்கலாம். நீங்க ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?"

"நோ லா டாக்டர். மல்டிவைட்டமின் மட்டும்தான்," என்றான் டாரியஸ்.

மிரண்டா திரும்பிப் பார்த்தாள். கண்ணைக்கூட இமைக்காமல் சொல்கிறான் மனுஷன்!

"முடிக்கு டூட்டாஸ்டெரைட் சாப்பிடுறாரு," என்றாள் அவள். "அதுக்கு முன்னாடி ஃபினாஸ்டெரைட்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "இத முதல்லயே சொல்லியிருக்கணும். இந்த ரெண்டு மாத்திரையும் சில ஆம்பளைங்களுக்கு எண்ணிக்கையக் குறைக்கும். எல்லாருக்கும் இல்ல. உங்களுக்கு அதனாலதான்னு இப்பவே அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா குழந்தைக்கு ட்ரை பண்றப்ப முதல்ல நிறுத்த வேண்டியது இதுதான்."

"டூட்டாஸ்டெரைட்ட விட்டுட்டு ஃபினாஸ்டெரைட்டுக்கே திரும்பிடவா டாக்டர்?"

"ரெண்டும் ஒரே வகை மருந்து மிஸ்டர் டாரியஸ். ரெண்டும் வேண்டாம். ஃபினாஸ்டெரைட் உடம்ப விட்டுச் சீக்கிரம் போயிடும். நீங்க இப்ப சாப்பிடுறது போக மாசக்கணக்கா ஆகும். அதுக்கப்புறம் மறுபடி டெஸ்ட் பண்ணிப் பார்ப்போம்."

மாசக்கணக்கு. மிரண்டாவுக்கு முப்பத்தாறு வயது முடியப்போகிறது. அவள் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தபோது பக்கத்தில் டாரியஸ் முன்னால் சாய்ந்து, ரொம்பக் கவலையாகக் கேட்டான்: "நிறுத்திட்டா எவ்வளவு கொட்டும் டாக்டர்?"

பிள்ளை பிறக்குமா என்று கேட்கவில்லை. எப்போது என்றும் கேட்கவில்லை. கொட்டுமா என்று கேட்கிறான்!

"பக்கவிளைவு எல்லாம் உங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்றார் டாக்டர்.

டாரியஸ் மேசையின் விளிம்பைத் தடவினான். "வீடியோல அந்த டாக்டர் கேட்டாரு. குழந்தைக்கு ட்ரை பண்றீங்களான்னு. இல்லன்னு சொல்லிட்டேன். ஆமான்னு சொன்னா மாத்திரை தர மாட்டாங்கல்ல?"

கால் வீங்கும், காதில் முடி வளரும் என்று சாப்பாட்டு மேசையில் நாள் தவறாமல் ஒப்பித்தவன் இதை மட்டும் விழுங்கியிருக்கிறான். தெரிந்தே விழுங்கியிருக்கிறான், தினமும் காலையில் தண்ணீரோடு. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்த அன்றைக்கும் விழுங்கியிருப்பான். மிரண்டா பரிசோதனைத் தாள்களை மடித்துப் பைக்குள் திணித்தாள்.

ரயிலில் அவன்தான் முதலில் பேசினான். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத, ப்ளீஸ்."

"நான் எதுக்குச் சொல்லணும்? நீயே சொல்லு," என்றாள் மிரண்டா. அவ்வளவுதான். அந்த ஒரு வாய்ப்பை அவனுக்குக் கொடுத்தாள்.

தேக்கா சந்தையில் மீன் வாங்கிவிட்டு, சாப்பாட்டுக் கடைகள் பக்கம் ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டு பிலோமினம்மாள் காத்திருந்தாள். டாக்டர் சொன்னதைக் கேட்காமல் வீட்டுக்குப் போக அவளுக்குப் பொறுக்கவில்லை. மகனுக்குப் பரோட்டாவும் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயும் வாங்கி வைத்திருந்தாள்.

"என்ன சொன்னாங்க தம்பி?"

டாரியஸ் தே தாரிக்கைக் கலக்கினான். கலக்க அதில் ஒன்றுமில்லை. "ஒண்ணும் இல்லம்மா. மிரண்டாவுக்கு இன்னும் கொஞ்சம் டெஸ்ட் இருக்காம்."

அடப் பாவி!

பிலோமினம்மாள் பெருமூச்சு விட்டாள். மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். கெட்ட மனசு கிடையாது அவளுக்கு, அதுதான் இன்னும் கஷ்டம். "நீ கவலைப்படாதம்மா. நான் வேளாங்கண்ணி மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன். டிசம்பர்ல எல்லாரும் போறோம். உன் முடியக் காணிக்கையாக் கொடுக்குறதா நேர்ந்திருக்கேன். சும்மா நுனியில நறுக்குறது இல்ல, முழு மொட்டை. மாதா கண்டிப்பா கண்ணத் திறப்பா."

மிரண்டாவின் பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கியது. அவள் அதைத் தொடவில்லை. டாரியஸைப் பார்த்தாள். இப்போதாவது சொல்லு, இப்போதாவது வாயைத் திற என்று பார்த்தாள்.

அவன் வாயைத் திறந்தான். பரோட்டாவை ஒரு விள்ளல் பிய்த்துக் குழம்பில் தோய்த்துப் போட்டுக்கொண்டு, "முடிதானே மிரண்டா," என்றான். "வளர்ந்துடும் லா."

கோபம் தலைக்கேறினால் கத்துவாள் என்றுதான் மிரண்டா தன்னைப் பற்றி நினைத்திருந்தாள். கத்தல் வரவில்லை. சிரிப்பு வந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். பிலோமினம்மாள் பயந்துபோய், "என்னம்மா ஆச்சு?" என்றாள்.

"அத்தை, எனக்கு ஒரு குறையும் இல்ல. இனிமே டெஸ்ட்டும் இல்ல. உங்க பையனுக்குத்தான் விந்தணு எண்ணிக்கை கம்மி. வழுக்கை விழுதுன்னு மாத்திரை சாப்பிடுறாரு. அதனால இருக்கலாம்னு டாக்டர் சொல்றாங்க. அப்படி ஆகலாம்னு இவருக்கு முதல்லயே தெரியும். தெரிஞ்சேதான் சாப்பிட்டாரு."

"உண்மையாடா?"

டாரியஸ் மென்றதை அவசரமாக விழுங்கினான். "அம்மா, அது வந்து... மினாக்ஸிடில்னு இன்னொன்னு இருக்கும்மா. அது வேற மாதிரி வேலை செய்யும், அதுல இந்தப் பிரச்சினை..."

"நான் அதக் கேக்கல," என்றாள் பிலோமினம்மாள். மருமகளின் கையை அவள் விடவில்லை. "ஆனா மாதாகிட்ட சொல்லிட்டேனே மிரண்டா. நேர்ந்தத எப்படி மாத்துறது?"

"நேர்ந்தத மாத்த வேணாம் அத்தை. தலைய மட்டும் மாத்திக்குங்க."

பிலோமினம்மாள் எழுந்தாள். மேசையைச் சுற்றி மகனின் பின்னால் வந்து நின்று, அவன் தலையை முன்னால் அழுத்தி, உச்சியில் விரல்களை விட்டு முடியை விலக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். அத்தனை பேர் பார்க்க டாரியஸ் குனிந்தபடி இருந்தான்.

"ரொம்ப இல்ல," என்றாள் மருமகளிடம். "பரவாயில்ல, இருக்குறதக் கொடுப்போம்."