இரண்டடி ஒயர்

சஹீருக்குக் கெட்டிக்காரத்தனம் கொஞ்சம் கூடுதல். போத்தனூரில் ஒரு வெல்டிங் பட்டறையை ஒட்டிய அறையை வாடகைக்குப் பிடித்து ஒலிப்பதிவுக் கூடம் நடத்திவந்தான். மைக் பெட்டியிலிருந்து பதிவுக் கருவிக்குப் போகும் ஒயரை மாற்றிய அன்று, கூட்டாளி அர்ஷத் வெளி மின்சார இரைச்சல் புகாதபடி உள்ளே கம்பிவலை சுற்றிய ஷீல்டு ஒயரை எடுத்து நீட்டினான்.

"ரெண்டடிக்கு எதுக்குடா ஷீல்டு?" என்றான் சஹீர். "இது பேலன்ஸ்டு லைன். முறுக்குன ரெண்டு ஒயர்லயும் இரைச்சல் சமமா ஏறும். கடைசில ஒண்ணை ஒண்ணு கழிச்சுரும்."

சொன்னதில் பிழையில்லை, செய்ததில்தான் இருந்தது. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று முறுக்கைப் பிரித்து, இரண்டு ஒயரையும் தனித்தனியாகக் கோடு போட்டதுபோலப் படியவிட்டுக் கட்டினான். முறுக்கே இல்லையென்றால் அப்புறம் சமம் ஏது? சோதித்துப் பார்த்ததும் ஞாயிற்றுக்கிழமை. பட்டறைக்கு லீவு, அதனால் ஒரு பொட்டு இரைச்சல் இல்லை. அர்ஷத்தை இரண்டு நாள் கிண்டல் செய்துகொண்டிருந்தான்.

புதன்கிழமை காலை சுப்பண்ணன் வந்தார். உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்புக்காரர். தொண்டையில் புற்று. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், மறுநாள் குரல்வளையையே எடுத்துவிடுவார்கள். கூட வந்த மகள் மதிவதனிக்கு ஏழு மாதம்.

"பொறக்கப்போற கொழந்தைக்கு நாலு வார்த்தை பேசி வெச்சரலாம்னுங்க தம்பி," என்றார் கரகரப்பாக. "தாத்தன் குரலு எப்படி இருந்துச்சுன்னு அதுக்குத் தெரியோணுமல்லங்க."

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வர, மதிவதனி வெளியே போனாள். சுப்பண்ணன் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து, "கண்ணு" என்று ஆரம்பித்தார். மதிவதனி சின்ன வயதில் கிணற்றுமேட்டில் ஏறிக்கொண்டு இறங்கமாட்டேன் என்று அழுததைச் சொன்னார். நடுவில் சிரித்தார். பத்து நிமிடம் பேசியிருப்பார்.

பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே பட்டறையில் வெல்டிங் மிஷினைப் போட்டார்கள். சஹீரின் ஹெட்போனில் கர்ரென்று இரைந்தது. பேச்சு தெளிவாகத்தான் கேட்டது, அடியில் இரைச்சலும் ஓடியது. அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் இரைச்சலோடு ஒரு பதிவு தன் அறையைவிட்டு வெளியே போவதாவது!

"ஏனுங்க, ஒயர்ல சின்னக் கோளாறுங்க. மாத்திப்போட்டு இன்னொருக்கா எடுத்துக்கலாமுங்களா?"

சுப்பண்ணன் தொண்டையைத் தடவிக்கொண்டார். ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "ஆகட்டுங்க தம்பி. உங்க தொழில் உங்களுக்குத் தெரியாதுங்களா," என்றார். எதிரில் இருப்பவர் மனம் நோகும் என்று 'முடியாது' என்பதை வாய்விட்டுச் சொல்லாத ஊர் இது. இங்கேயே பிறந்து வளர்ந்த சஹீருக்கு அது தெரியாதா என்ன? ஆனாலும் அவன் கவனமெல்லாம் அந்த இரண்டடி ஒயரில் இருந்தது.

அர்ஷத் நீட்டிய அதே ஷீல்டு ஒயரை வெட்டி, அரைமணி நேரம் பற்றவைத்தான். நடுவில் எட்டிப்பார்த்த மதிவதனியிடமும், முதலில் பேசியதில் இரைச்சல், மறுபடி எடுக்கிறோம் என்று சொல்லி அனுப்பினான். பழைய பதிவு எதற்கு என்று அதன் மேலேயே மறுபடி பதிய ஆரம்பித்தான். பட்டறை ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஹெட்போனில் இரைச்சலே இல்லை. சந்தோஷத்தில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

"கண்ணு" என்றார் சுப்பண்ணன். வெறும் காற்றுதான் வந்தது. செருமிப் பார்த்தார். திரும்பச் சொன்னார். உதடுகள் அசைந்தன. கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் கோத்தது. சஹீர் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனான். அவர் மூச்சு வாங்குவது மட்டும் துல்லியமாகக் கேட்டது. போதுங்க என்று சொல்லக்கூட அவனுக்குத் தைரியம் வரவில்லை. அவரும் விடாமல் பத்து நிமிடம் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

மதிவதனி கதவைத் திறந்து வந்தாள். அப்பாவைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மொதல்ல பேசினாருங்களே, அதைக் குடுங்கண்ணா. எரைச்சலா இருந்தாலும் பரவால்லீங்க."

சுப்பண்ணன் வேண்டாம் என்பதுபோல அவளிடம் அவசரமாகக் கையசைத்தார். சஹீரைப் பார்த்துச் சிரிக்கவும் முயன்றார்.

"அழிச்சுப்போட்டனுங்க அம்மணி," என்றான் சஹீர்.