பதினேழும் பதினொன்றும்

அந்தச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த நான்கு பேரில் ஒருவர்கூடப் பதினேழாம் நம்பர் பையன் ஆடி நேரில் பார்த்ததில்லை. அதனால் அவனைப் பற்றிய விவாதத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

கால்பந்து ஆட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் மலை மாதிரி வந்து குவியும் நாள். யாரும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர முடியாது. ஆகவே ஆட்டம் அவர்களுக்குத் திங்கட்கிழமை காலையில்தான் வரும், அதுவும் இரண்டு வழியாக. ஒன்று செய்தித்தாள். அதில் கோல் அடித்தவன் பெயரும், முதலில் இறங்கிய பதினோரு பேரின் பட்டியலும் இருக்கும். நடுவில் மாற்றி இறக்கப்பட்டவர்களைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. இன்னொன்று மூட்டை. அணியின் அழுக்குச் சட்டைகள் அத்தனையும் ஒரே நீல மூட்டையில் வந்து இறங்கும்.

மூட்டையைப் படிக்கத் தெரிந்தவர் கறைக்காரர். இருபத்திரண்டு வருடமாகக் கறை மேசையில் நிற்கிறார். எந்தத் துணியும் அவர் கையைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போக வேண்டும். எண்ணெயா, மையா, ரத்தமா என்று பார்த்து, அதற்கு உரிய மருந்தைப் போட்டு, ஒரு சீட்டில் கறையின் பெயரை எழுதிச் சட்டையில் குத்துவார். “கிரவுண்டுல உட்கார்ந்தா பந்துதான் தெரியும். சட்டையைப் பார்த்தாதான் ஆட்டம் தெரியும்” என்பது அவர் கட்சி. இதை மறுக்க அங்கே யாருக்கும் தகுதியில்லை என்பதும் அவர் கட்சிதான்.

“நூற்றாண்டுக்கு ஒருவன்னு போட்டிருக்கான் அண்ணே” என்றார் மெஷின்காரர், செய்தித்தாளை மெஷினின் வட்டக் கதவில் ஒட்ட வைத்துப் படித்தபடி. அவர் பதினேழின் பரம ரசிகர். பையன் கோல் போடும் வீடியோக்கள் நாற்பது அவர் போனில் இருந்தன.

“நூற்றாண்டு ஆரம்பிச்சே இன்னும் பாதி ஆகலை. அதுக்குள்ள எப்படிக் கண்டுபிடிச்சாங்க?” என்றார் கறைக்காரர்.

“வீடியோ பாருங்க. பந்து கால்ல ஒட்டிக்கிட்டே வருது.”

“அரை நிமிஷ வீடியோல நானும் நல்லாத்தான் ஆடுவேன். சட்டையைப் பாரு. வாரா வாரம் ஒரே இடத்துல புல்லு. இடது இடுப்புல மட்டும். அடுத்தவன் தள்ளி விழறவனுக்கு முழங்கையில இருக்கும். தானா விழறவனுக்குத்தான் இடுப்புல இருக்கும். அவன் ஆட்டக்காரன் இல்லை, விழுறதுல கெட்டிக்காரன்.”

“மத்த இடத்துல கறையே இல்லைன்னா யாராலயும் கிட்டவே வர முடியலைன்னு அர்த்தம்.”

“யாரும் கிட்ட வரத் தேவையில்லைன்னும் அர்த்தம்.”

இஸ்திரி அக்கா நடுநிலை. அதாவது, யார் பேசி முடித்தாலும் “அதுவும் சரிதான்” என்று சொல்லிவிட்டு நீராவியை அமுக்குவாள். இந்த ஒரு வாக்கியத்தால் இரண்டு கட்சியும் அவளைத் தங்கள் ஆள் என்று நம்பிக்கொண்டிருந்தன.

கறைக்காரர் பையன்மேல் இப்படி வரிந்துகட்டிக்கொண்டு நின்றதற்குக் கறையியல் மட்டும் காரணமல்ல. பதினேழு இடது ஓரத்தில் ஆடுகிறவன். அவன் வரும்வரை ஒன்பது வருடம் அந்த இடது ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தது பதினோராம் நம்பர். பதினோராம் நம்பர் அவருடைய மாப்பிள்ளை. ஆறு வாரமாகப் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

மூட்டை பிரிக்கும் வேலை கறைக்காரரின் மகளுடையது. எல்லாருக்கும் முன்னால் வந்து, பின்வாசலருகே உட்கார்ந்து கயிற்றை வெட்டி, சட்டைகளை நம்பர்படி அடுக்கி அப்பாவின் மேசைக்குக் கொண்டுவருவாள். முதல் வாரமே அவள்தான் சொன்னாள்.

“கடைசி கால் மணி நேரம் அவரை இறக்கினாங்களாம்பா.”

சொன்னதற்குச் சாட்சியாகப் பதினோராம் நம்பர் சட்டையில் நெஞ்சிலும் முதுகிலும் மண் அப்பியிருந்தது. அடுத்த வாரமும் அப்படியே. “பாத்தியா, கால் மணி நேரத்துல எவ்வளவு மண்ணு!” என்று மெஷின்காரரிடம் காட்டிப் பெருமைப்பட்டார் கறைக்காரர். காட்டினாரே தவிர அதை அவர் குனிந்து ஆராய்ந்ததில்லை. மாப்பிள்ளை சட்டையை விளக்கடியில் வைத்து முகர்ந்து பார்ப்பது மரியாதையாகாது என்று நினைத்தார். வீட்டிலும் அப்படித்தான். “சாப்பிட்டீங்களா மாமா”, “ஆச்சு மாப்பிள்ளை” என்பதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வளர்ந்ததில்லை.

அந்த மரியாதைக்குப் பின்னால் ஒரு பழைய கசப்பும் இருந்தது. மகள் பந்து ஆடுகிறவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றபோது, வந்திருந்த இரண்டு வீட்டாரும் கேட்க அவர் சொல்லியிருந்தார்: “பந்து ஆடறவனுக்கு ஓடற வரைக்கும்தான் மதிப்பு. உட்கார்ந்துட்டா அப்புறம் அவன் யாரு?” கல்யாணம் நடந்தது. அந்தப் பேச்சை அவர் மறந்தும் போனார். சொன்னவர்களுக்கு அந்த வசதி உண்டு.

ஏழாவது திங்கட்கிழமை மூட்டை வந்தபோது செய்தித்தாள் பையனை விண்கல் என்று எழுதியிருந்தது. மெஷின்காரர் அன்று வாக்குவாதத்தை முடித்துவிடுவதென்று தீர்மானத்தோடு வந்திருந்தார். மகள் அடுக்கி வைத்ததிலிருந்து இரண்டு சட்டைகளை உருவி, கறை மேசையில் விளக்குக்கு நேர்கீழே பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். பதினேழும் பதினொன்றும்.

“சட்டை பொய் சொல்லாதுன்னு நீங்கதானே அண்ணே சொல்வீங்க. இப்ப படிங்க. எல்லாரும் கேக்கறோம்.”

இஸ்திரி அக்காகூட நீராவியை நிறுத்தினாள்.

கறைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதினேழைக் குனிந்து பார்த்தார். இரண்டு முழங்கையிலும் புல். கழுத்துப்பட்டை ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. பின்னாலிருந்து யாரோ கொத்தாகப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். விலாவில் பூட்ஸ் ஆணிகளின் தடம், ஒன்றல்ல, இரண்டு அளவுகளில். அப்படியும் சட்டையின் முன்பக்கம் சுத்தமாக இருந்தது. மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் உதைத்தும் பையனைக் குப்புறத் தள்ள முடியவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு சட்டை அவர் மேசைக்கு வந்ததில்லை. அவருக்கு எரிச்சலாக இருந்தது. கூடவே, ஒளிப்பானேன், கொஞ்சம் சிலிர்த்தது.

பேச்சை மாற்றுவதற்காகப் பதினொன்றின் பக்கம் திரும்பினார். முதல் முறையாக மாப்பிள்ளை சட்டையை விளக்கடியில் பார்த்தார்.

மண் இருந்தது. புல் இல்லை. ஒரு கீற்றுப் பச்சைகூட இல்லை. மண் அப்பியிருந்த இடத்தைச் சுற்றித் துணியில் நேர்நேராக மடிப்புக் கோடுகள். மண்ணுக்குள் கறுப்பாக, சுருண்டு சுருண்டு, பொடிப்பொடியாக ஏதோ. நகத்தால் ஒன்றை எடுத்து விரலில் தேய்த்தார். டீத்தூள்.

எந்த மைதானத்திலும் டீத்தூள் கிடையாது. டீத்தூள் கலந்த மண் அவருக்குத் தெரிந்து ஒரே இடத்தில்தான் இருந்தது: பின்வாசலில், மூட்டை பிரிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த பூந்தொட்டியில். குடித்து முடித்த டீத்தூளைத் தினமும் அதில்தான் கொட்ட வேண்டும், செடிக்கு நல்லது என்று எல்லாரையும் அதட்டி வைத்திருந்தவரே அவர்தான்.

தலையை நிமிர்த்தினார். மகள் இன்னொரு மூட்டையின் கயிற்றை வெட்டிக்கொண்டிருந்தாள். கயிறு எப்போதோ அறுந்துவிட்டது. அவள் வெட்டிக்கொண்டே இருந்தாள்.

“என்ன அண்ணே, சத்தத்தைக் காணோம்?” என்றார் மெஷின்காரர். “பதினேழு என்ன சொல்லுது?”

“பையன் ஆட்டக்காரன்தான்” என்றார் கறைக்காரர். “பேப்பர்ல எழுதறது கொஞ்சம் கம்மி.”

மெஷின்காரர் இதை எதிர்பார்க்கவில்லை. ஒன்றரை மாதமாகத் தயார் செய்து வைத்திருந்த வாதங்கள் எல்லாம் வீணாய்ப் போயின. “அதுவும் சரிதான்” என்றாள் இஸ்திரி அக்கா.

“சரி, பதினொண்ணு?” என்று மெஷின்காரர் அந்தச் சட்டைக்குக் கை நீட்டினார்.

அவர் விரல் படுவதற்குள் கறைக்காரர் சட்டையைச் சுருட்டித் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கினார். “இதுவும் ஆடியிருக்கு. நல்லா ஆடியிருக்கு.”

“அண்ணே! மண்ணைத் தட்டாமலேயே முக்கிட்டீங்க!”

அந்தக் கூடத்தில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. மண்ணைக் காயவிட்டு, தட்டி உதிர்த்து, பிறகுதான் நனைக்க வேண்டும்; ஈரத்தில் அமுக்கினால் மண் நூலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இதற்காகவே போன வருடம் அவர் மெஷின்காரரோடு இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறார்.

“எனக்குத் தெரியும். நீ போய் உன் மெஷினைப் பாரு” என்றார். சீட்டை எடுத்து, “மண், புல்” என்று எழுதினார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் எழுதிய முதல் பொய்ச் சீட்டு. கையெழுத்து வழக்கத்தைவிட அழகாகவே வந்தது.

மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு மகளின் பக்கத்தில் போய், கவிழ்த்துப் போட்ட கூடைமேல் உட்கார்ந்தார். அவள் நகக்கண்ணில் மண் இருந்தது.

“தொட்டியில மண்ணு எடுக்காதம்மா. டீத்தூள் இருக்கு.”

அவள் கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள்.

“ஒரு தடவைகூட இறக்கலையா?”

“இல்லப்பா.”

“மாப்பிள்ளைக்குத் தெரியுமா, நீ செய்யறது?”

“தெரியாது. அவர் சட்டையை மடிச்சு மூட்டைக்குள்ள வெச்சு அனுப்பறார். எல்லாரும் சுருட்டிப் போடறாங்க, அவரது மட்டும் மடிச்சிருக்கு. அதைப் பாத்ததுமே நீங்க கண்டுபிடிச்சிடுவீங்க.” அவள் முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். “உட்கார்ந்துட்டா அவன் யாருன்னு கேட்டீங்களேப்பா. அது எனக்கு மறக்கலை.”

கறைக்காரர் எதையாவது சொல்லி அந்த வார்த்தையைத் துடைத்துவிடலாமா என்று பார்த்தார். மைக்கு மருந்து உண்டு, ரத்தத்துக்கு உண்டு. இதற்கு அவர் மேசையில் ஒன்றும் இல்லை.

“அடுத்த வாரம் அப்படியே கொண்டா” என்றார்.

“எல்லாரும் பாப்பாங்கப்பா.”

“பாக்கட்டும்.”

எட்டாவது திங்கட்கிழமை மகள் சட்டைகளைக் கொண்டுவந்து வைத்தாள். பதினேழு வழக்கம்போல இடது இடுப்பில் புல்லோடு வந்திருந்தது. பதினொன்று நாலாக மடித்தபடி, கடையில் வாங்கியது போல இருந்தது. பழைய மண் போகாமல் நெஞ்சில் லேசாக ஒரு சாயம் தங்கியிருந்தது. அது கறைக்காரர் செய்த வேலை. மகள் அங்கேயே, கையைப் புடவையில் துடைத்தபடி நின்றாள்.

மெஷின்காரர் எட்டிப் பார்த்தார். “என்ன அண்ணே, பதினொண்ணு ஆடலையா?”

“ஆடலை. எட்டு வாரமா ஆடலை. போன வாரம் நான் சொன்னது பொய்” என்றார் கறைக்காரர். “பெஞ்சுல உட்கார்ந்திருக்கார். என் மாப்பிள்ளை.”

மெஷின்காரர் உதவி செய்கிற எண்ணத்தில், “அப்ப துவைக்க வேண்டாமே. அப்படியே அயர்ன் போட்டுடலாம்” என்றார்.

கறைக்காரர் சட்டையை விரித்தார். கழுத்துப்பட்டையைத் திருப்பினார், அக்குளைத் திருப்பினார், முகத்தருகே கொண்டுபோய் மூச்சை இழுத்து, எல்லாரும் பார்க்க முகர்ந்தார். பிறகு சீட்டை எடுத்து “வேர்வை” என்று எழுதினார்.

“சும்மா உட்கார்ந்திருந்தவருக்கு ஏது அண்ணே வேர்வை?”

“தொண்ணூறு நிமிஷம்” என்றார் கறைக்காரர், சீட்டைக் குத்தியபடி. “இப்ப கூப்பிடுவாங்க, இப்ப கூப்பிடுவாங்கன்னு ஒரு தடவை உட்கார்ந்து பாரு. வேர்க்கும்.”