இமெல்டா கேட்ட கேள்வி

பள்ளிமுனைக் கத்தோலிக்கக் கோயிலின் பாடகர் குழுவில் கலியாணத்துக்கு முன்பிருந்தே பாடிவந்தவள் இமெல்டா. திருநாள் விருந்தொன்றில் அவள் புருசன் றெனால்ட், கூட்டாளிகளைச் சிரிக்கவைப்பதற்காக, அவள் பாடும் விதத்தைக் கழுத்து நரம்பு புடைக்க நடித்துக் காட்டினான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். அதன் பிறகு பாடப் போகவில்லை. ஏனென்று அவன் கேட்கவுமில்லை.

அவனை நோகடிக்க வழி தேடினாள். முதலில் பேசாமல் இருந்து பார்த்தாள். "இப்பதான் வீட்டில நிம்மதி" என்று அவன் கடற்கரையில் சொல்லிச் சிரித்தது காதில் விழுந்தது. ஊர் முன்னால் நல்ல புருசனாக நிற்பதுதான் அவனுக்கு உயிர். அது அவளுக்குத் தெரியும். காத்திருந்தாள்.

கலியாணம் முடிக்கப்போகிறவர்களுக்குப் பங்கு மண்டபத்தில் நடக்கும் வகுப்பில் பேசும்படி பங்குத்தந்தை இருவரையும் அழைத்தார். "ஒருத்தரை ஒருத்தர் விளங்கிக்கொண்டாப் போதும், குடும்பம் தானா ஓடும்" என்று றெனால்ட் முழங்கினான்.

இமெல்டா எழுந்தாள்.

"இவர் கடலால வந்து ஒரு தேத்தண்ணி குடிக்கும்வரைக்கும் ஆரும் கதைக்கக் கூடாது. வலது முழங்கால் நோகும், வாய் திறந்து சொல்லமாட்டார். தமிழ்நாட்டு அகதி முகாமில வளந்தவர், கதவைப் பூட்டினா நித்திரை வராது."

கைதட்டினார்கள். றெனால்டின் முகம் மலர்ந்தது.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "இப்ப நீங்கள் சொல்லுங்கோ. நான் ஏன் பாட்டை விட்டனான்?"

"தொண்டை... தொண்டை சரியில்லைத்தானே?"

"இல்லை. திருநாள் விருந்தில என்னை மாதிரி நடிச்சீங்களே, அதால. இவையளுக்கும் ஒருக்கா நடிச்சுக் காட்டுங்கோ."

முன்வரிசை மணப்பெண் தன் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள். நின்ற றெனால்ட் தொப்பென்று கதிரையில் இருந்துவிட்டான். அவன் முகத்தை இமெல்டா ஆசை தீரப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் அவன் கேட்டான். "வீட்டில சொல்லியிருக்கலாமே?"

"வீட்டில சொல்லியிருந்தா உங்களுக்கு நொந்திராது."

அடுத்த கிழமை, அவள் சமைத்துக்கொண்டிருந்தபோது குசினி வாசலில் வந்து நின்றான். "உனக்கு எந்த மீன் விருப்பம்?"

கலியாணம் முடித்து இத்தனை வருசத்தில் முதல் தடவை.

"நான் உங்களைக் கேட்டோ அறிஞ்சனான்? பாத்துப் பாத்துத்தான். நீங்களும் பாருங்கோ."

அன்று மத்தியானம் அவன் தன் சோற்றைத் தொடாமல், அவள் எந்த மீன் துண்டை எடுக்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வேண்டுமென்றே பருப்பை மட்டும் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தாள்.